ராமநாதபுரம் கடற்கரையில் ரேடியோ தொலைநோக்கி வைக்கலாமா?

தேவிபட்டினத்தில் இருந்துகொண்டு இயற்பியல் முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊட்டியில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, புனே பக்கம் இருக்கிறது. எங்கள் ராமநாதபுரம் கடற்கரை மைல் கணக்கில் காலியாகக் கிடக்கிறதே, இங்கே ஏன் ஒன்று வைக்கக் கூடாது? அதோடு, இந்தத் தொலைநோக்கிகளால் சமீபத்தில் உருப்படியாக என்னதான் கண்டுபிடித்தார்கள்?"

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரிய தொலைநோக்கிக்கு நம் கரை லாயக்கில்லை. காலியாகக் கிடப்பது கண்ணுக்குத்தான். ரேடியோ அலைவரிசையில் பார்த்தால் இங்கே நிற்க இடம் கிடையாது. ஆனால் 1940களில் ஆஸ்திரேலியாவில் கையாண்ட ஒரு முறை உண்டு. அதற்கு உங்கள் ஊர்க் கரை நன்றாகவே பொருந்தும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலை எவ்வளவு மெலிது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் அளவுக்கு ஜான்ஸ்கி என்று ஓர் அலகு உண்டு. ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில், ஒரு வாட்டை ஒன்றுக்குப் பின்னால் 26 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் வருவது அது. அட்லாண்டிக் கடந்து பேசும் ரேடியோ தொலைபேசியில் இடைஞ்சல் செய்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று 1930களின் தொடக்கத்தில் தேடப் போனவர் கார்ல் ஜான்ஸ்கி. அதில் ஒரு பங்கு பால்வெளியின் மையத்திலிருந்து வருகிறது என்று கண்டார். இரைச்சலைத் துரத்தப் போய்ப் பிறந்த துறை என்பதால், இதில் பாதி வேலை இன்றைக்கும் இரைச்சலோடு மல்லுக்கட்டுவதுதான். சந்திரனில் நின்றுகொண்டு ஒருவர் செல்போனில் பேசினால், அந்த செல்போன் நம் வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்றாகத் தெரியும். அப்படியிருக்க, சட்டைப்பையில் இருக்கும் செல்போன் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

இப்போது நம் கரைக்கு வருவோம். தனுஷ்கோடி முனைக்குப் போனவர்களின் செல்போனில் இலங்கை நெட்வொர்க் எட்டிப்பார்க்கும். தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தானே. அதுகூடப் பரவாயில்லை. கடல்மேல் ஈரமான குளிர்ந்த காற்று கீழேயும், சூடான வறண்ட காற்று மேலேயும் அடுக்காக நிற்கும் நாட்களில், தொடுவானத்தைத் தாண்டி விண்வெளிக்குப் போக வேண்டிய அலை கீழே வளைந்து கடலை ஒட்டியே ஓடி வந்துவிடும். அந்தக் காலத்தில் கழியில் ஆண்டெனாவும் பூஸ்டரும் கட்டி இலங்கையின் ரூபவாஹினி டிவியில் கிரிக்கெட் பார்த்த வீடுகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அவர்களுக்கு வரமாக இருந்தது வானியலாளருக்குச் சாபம்.

மண்டபம் தென்கரையில் ஒரு மாலை, ரேடியோ அலையை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும் எஸ்டிஆர் டாங்கிளை மடிக்கணினியில் செருகிப் பார்த்திருக்கிறேன். திரையில் அலைவரிசை இடமிருந்து வலமாகவும், நேரம் மேலிருந்து கீழாகவும் ஓடும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எஃப்எம் பட்டையில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே விரல் வைக்க இடமில்லை. தமிழ், சிங்களம், நடுவே ஏதோ ஒரு பக்திப் பாடல். 156.8-இல் படகுகள் ஒன்றையொன்று அழைக்கும் கடல்வழி விஎச்எப் சேனல் 16. படகுக்காரர் ஒருவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மஞ்சள் கோடு ஒன்று பளிச்சென்று விழும். அவர் அடுத்த சேனலுக்கு மாறி, எத்தனை பாகம் ஆழத்தில் வலை விட்டிருக்கிறாய் என்று இன்னொரு படகிடம் கேட்டார். 162-இல் கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லும் ஏஐஎஸ் துடிப்பு. புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் கீழ் அலைவரிசை 120 முதல் 250 மெகாஹெர்ட்ஸ். நான் திரையில் பார்த்த பாதி இரைச்சல் அதற்குள் வந்துவிடுகிறது. இத்தனைக்கும் ராமேஸ்வரத்தின் 323 மீட்டர் டிவி கோபுரத்தையும், உச்சிப்புளி கடற்படை விமானதளத்தையும், கமுதி சூரியமின் நிலையத்தின் இன்வெர்ட்டர்களையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, இரைச்சலையெல்லாம் அணைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தலைக்கு மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்மாவட்டங்களின் மேலாகப் போகிறது. அதனால்தான் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள். இந்தக் கோட்டை ஒட்டிய அயனிமண்டலம், அதாவது வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள மின்னூட்டத் துகள்களின் அடுக்கு, சூரியன் மறைந்த பிறகு கொதித்துக் குமிழ் விடும். அதன் வழியே வரும் தாழ்ந்த அலைவரிசை சமிக்ஞை ஆடிப்போய்விடும். ஜிஎம்ஆர்டிக்கு இடம் தேடியபோது பார்த்தவற்றில் இதுவும் ஒன்று: காந்த நடுக்கோட்டிலிருந்து போதிய அளவு வடக்கே இருக்க வேண்டும், ஆனால் தெற்கு வானமும் கணிசமாகத் தெரிய வேண்டும். அப்படித்தான் நாராயண்காவ் பக்கத்தில் கோடத் கிராமம் அமைந்தது. சுற்றிலும் குன்றுகள், ஊர் இரைச்சல் குறைவு.

ஊட்டித் தொலைநோக்கி முத்தோரையில் இருப்பதன் காரணம் வேறு, அது எனக்கு மிகவும் பிடித்த கதை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1,100 எஃகுக் கம்பிகள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கியது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காகச் சரியாக 11 டிகிரி சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் நீளவாட்டில் கிடத்தினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒற்றை அச்சில் உருட்டினாலே போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். நம் அட்சரேகைக்கு 9 டிகிரிச் சரிவு வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படி ஒரு சரிவை எங்கே போய்த் தேடுவது?

துருவையும் சொல்லிவிட வேண்டும். பாம்பன், மண்டபம் உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் முகாமில் அரிமானச் சோதனைக்கென்றே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. பழைய பாம்பன் ரயில் பாலம் அரிப்பினால்தான் 2022 டிசம்பரில் ரயிலுக்கு மூடப்பட்டது. ஜிஎம்ஆர்டியின் 30 தட்டுகளும் ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம் உள்ளவை. உட்பரப்பு முழுக்க அரை மில்லிமீட்டர்க் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் பின்னிய வலை. இதை நம் ஆட்களுக்குப் புரியவைப்பது சுலபம். வலைக்கண்ணைவிடப் பெரிய மீன் வெளியே போகாது. அங்கே வலைக்கண் 10 முதல் 20 மில்லிமீட்டர். வந்து விழும் அலையின் நீளம் குறைந்தது 20 சென்டிமீட்டர். அலைக்கு அது ஓட்டையே இல்லாத தகடு, காற்றுக்கோ முழு ஓட்டை. எடை குறைந்தது, காற்றழுத்தம் குறைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் அத்தனை மெல்லிய கம்பியைக் கொண்டுவந்து தனுஷ்கோடிக் காற்றில் நிறுத்த எந்தப் பொறியாளரும் சம்மதிக்க மாட்டார்.

இனி இரண்டாவது கேள்வி. 2019 ஏப்ரலில் வெளியான, எம்87 என்ற அண்டத்தின் (நம் பால்வெளி போன்ற விண்மீன் கூட்டம்) மையக் கருந்துளைப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2022 மே மாதம் நம் பால்வெளி மையக் கருந்துளையின் படமும் வந்தது. பூமியெங்கும் சிதறிக் கிடக்கும் தொலைநோக்கிகளை ஒரே நேரக் கணக்கில் கோத்து 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் எடுத்தவை. பேர் வாங்கிய வேலை, அதற்குத் தகுதியானதும்கூட. ஆனால் என்னைக் கேட்டால், 2023 ஜூன் இறுதியில் வந்த பல்சர் முடிவுதான் அதைவிடப் பெரிது. அதில் நம் ஜிஎம்ஆர்டிக்கும் பங்கு உண்டு.

பல்சர் என்பது சுழலும் நியூட்ரான் விண்மீன், அதாவது பெரிய விண்மீன் வெடித்து மிஞ்சிய அடர்ந்த எச்சம். அது சுழலச் சுழல நமக்கு ரேடியோ துடிப்பு வரும். அதில் சில வகை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றும். துடிப்பு அடுத்து எப்போது வரும் என்று மைக்ரோ விநாடி சுத்தமாகக் கணிக்கலாம். ஈர்ப்பலை ஒன்று நடுவே கடந்தால் அந்த விண்வெளியே நீண்டு சுருங்கும், துடிப்பு கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வரும். ஒரு பல்சரில் இது தெரிந்தால் அந்தப் பல்சரின் கோளாறாகவும் இருக்கலாம். வானத்தில் பரவியிருக்கும் பல பல்சர்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பொறுத்து அந்தப் பிந்தல் எப்படி ஒத்துப்போகிறது என்று பார்த்தால்தான் பிடிபடும். அந்த ஒத்துப்போதல் எந்த வடிவில் இருக்கும் என்று ஹெல்லிங்ஸும் டவுன்ஸும் 1983-இலேயே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். நாற்பது வருடம் கழித்து, அமெரிக்கக் குழு 15 ஆண்டுத் தரவில் 67 பல்சர்களை வைத்து அந்த வடிவத்தின் தடயத்தைக் காட்டியது. ஐரோப்பிய, இந்தியக் குழுக்கள் சேர்ந்து ஒரு முடிவும், ஆஸ்திரேலியக் குழுவும் சீனக் குழுவும் தனித்தனி முடிவுகளும் அதே நாளில் வெளியிட்டன. ஓர் அலை கடந்து முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும் அளவுக்கு நீண்ட அலைகள் இவை. சூரியனைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு எடையுள்ள கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுவதால் எழுபவை என்பதே பெரும்பாலோர் கருத்து.

இதில் ஜிஎம்ஆர்டி எதற்கு என்றால், விண்மீன்களுக்கு இடையே உள்ள எலக்ட்ரான்கள் துடிப்பைத் தாமதப்படுத்தும். அலைவரிசை தாழத் தாழத் தாமதம் கூடும். அந்தத் தாமதத்தைத் துல்லியமாக அளந்து கழித்தால்தான் ஈர்ப்பலையின் பிந்தல் மிஞ்சும். அதற்குத் தாழ்ந்த அலைவரிசையில் நல்ல தொலைநோக்கி வேண்டும், அது நம்மிடம் இருக்கிறது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இதைக் குழுக்கள் சான்று என்றே சொன்னார்கள். கண்டுபிடிப்பு என்று அறிவிக்கப் புள்ளியியல் இன்னும் கொஞ்சம் இறுக வேண்டும். செய்தித்தாள்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டன.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளிக்குள்ளேயே உள்ள ஒரு மேக்னடாரிலிருந்து (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) மில்லிவிநாடி ரேடியோ வெடிப்பு ஒன்று வந்தது. 2007 முதல் வெளி அண்டங்களிலிருந்து வந்துகொண்டிருந்த புதிர் வெடிப்புகளில் சிலவற்றுக்காவது ஊற்று எது என்று அப்போதுதான் தெரிந்தது. 2022-இல் 18 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் ஒரு பொருளை ஆஸ்திரேலியத் தரவில் கண்டார்கள். நியூட்ரான் விண்மீன் அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் ரேடியோ அலை வரக் கூடாது என்பது அதுவரை இருந்த பாடம். பிறகு 22 நிமிடம், 54 நிமிடம் என்று அதன் உறவுக்காரர்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். 2025-இல் அறிவித்த 44 நிமிடப் பொருள் எக்ஸ் கதிரும் வீசுகிறது. இவை என்னவென்று இன்னும் முடிவாகவில்லை. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இங்கே பாருங்கள். 2023 ஜனவரியில் ஜிஎம்ஆர்டி தரவிலிருந்து, கிட்டத்தட்ட 880 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு அண்டத்தின் ஹைட்ரஜனில் கிளம்பிய அலையைப் பிரித்தெடுத்த செய்தி வந்தது. 21 சென்டிமீட்டராகக் கிளம்பியது 48 சென்டிமீட்டராக நீண்டு வந்து சேர்ந்தது. நடுவே இருந்த இன்னொரு அண்டம் அதை லென்ஸ் மாதிரி 30 மடங்கு பெருக்கிக் கொடுத்ததால்தான் கிடைத்தது.

ஆனால் நம் கரைக்கு மிக நெருங்கிய கதை பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனத்துடையது. 2018-இல் எட்ஜெஸ் என்ற அமெரிக்கக் குழு, முதல் விண்மீன்கள் பிறந்த காலத்தின் தடயம் 78 மெகாஹெர்ட்ஸில் தெரிகிறது என்றது. அந்த இடத்தில் சமிக்ஞை குறைந்து, எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆழமான பள்ளம். அது உண்மையென்றால் இயற்பியலில் புதிதாக ஏதோ ஒன்றைச் சேர்க்க வேண்டிவரும். பெங்களூர்க் குழுவின் சந்தேகம் தரையின் மேல். ஆண்டெனாவின் அடியில் ஈர மண், காய்ந்த மண், பாறை என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் அலையைத் திருப்பி அனுப்பி அளவீட்டில் பொய்யான ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். அதனால் அவர்கள் சாரஸ் 3 என்ற ஆண்டெனாவைத் தெப்பத்தில் ஏற்றி, கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி பின்னீரிலும் மிதக்கவிட்டார்கள். தண்ணீர் அடியோடு ஒரே சீரானது, அடுக்கு கிடையாது. 2022-இல் வந்த முடிவு: எட்ஜெஸ் சொன்ன பள்ளம் இல்லை, 95.3 சதவீத உறுதியோடு. ஆண்டெனாவைத் தரையிலிருந்து தண்ணீருக்கு மாற்றி, ஒரு பெரிய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தெப்பத்தை நான் பல தடவை மெச்சியிருக்கிறேன்.

"இதனால் எங்கள் ஊர்க்காரருக்கு என்ன?" என்று வீட்டில் கேட்டால் படகில் இருக்கும் ஜிபிஎஸ்ஸைக் காட்டுங்கள். பூமி சுற்றும் வேகம் நாளுக்கு நாள் இம்மி மாறும். வானத்தை வைத்துப் பார்க்கும்போது பூமி இந்தக் கணம் எந்தத் திசையில் திரும்பி நிற்கிறது என்பதை, பலகோடி ஒளியாண்டு தள்ளி உள்ள குவேசர்களை (மிகப் பிரகாசமான அண்ட மையங்கள்) ரேடியோ தொலைநோக்கிகளால் நோக்கித்தான் சரிபார்க்கிறார்கள். அந்தக் கணக்கு இல்லாமல் செயற்கைக்கோள் பாதை சரியாக வராது. எல்லைக்கோடு எங்கே என்று படகுத் திரையில் பார்ப்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

இப்போது உங்கள் கரைக்கான வேலை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, சிட்னி அருகே டோவர் ஹைட்ஸ் கடல்முகப்புப் பாறைமேல் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஆண்டெனாவை உதயசூரியன் பக்கம் திருப்பினார்கள். சூரியனிலிருந்து நேராக ஓர் அலை வருகிறது, கடலில் பட்டுத் தெறித்து இன்னொன்று வருகிறது. சூரியன் ஏற ஏற இரண்டும் கூடியும் குறைந்தும் பதிவாகும் கோடு மேலும் கீழுமாகப் போகும். ஒரே ஆண்டெனா, கடல் கொடுத்த பிம்பம் இன்னொன்று. இரண்டு தொலைநோக்கி வேலை நடந்துவிட்டது. 1946-இல் இப்படித்தான் ரூபி பெய்ன்-ஸ்காட்டும் கூட்டாளிகளும் ரேடியோ வெடிப்புகள் சூரியப் புள்ளிகளிலிருந்து வருகின்றன என்று காட்டினார்கள். 1949-இல் போல்டன், ஸ்டான்லி, ஸ்லீ மூவரும் இதே முறையில் அடையாளம் காட்டிய ரேடியோ மூலங்களில் ஒன்று எம்87. எழுபது வருடம் கழித்துக் கருந்துளைப் படம் எடுத்தார்களே, அதே அண்டம்தான்.

அவர்களுக்குப் பாறை சுமார் 80 மீட்டர் உயரம், அதனால் ஏற்ற இறக்கம் அரை டிகிரிக்கு ஒன்று. நமக்குப் பாறை இல்லை. ஆனால் தேவிபட்டினத்தில் கரையை ஒட்டிய இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடியில் கம்பம் நட்டால் 10 மீட்டர் கிடைக்கும். 408 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 73.5 சென்டிமீட்டர். அலைநீளத்தை உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் 2.1 டிகிரி. நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் சுமார் எட்டரை நிமிடத்துக்கு ஓர் ஏற்ற இறக்கம் வரும். ராமேஸ்வரம் கந்தமாதன பர்வதம் இன்னும் உயரமாயிற்றே என்று தோன்றும். அங்கிருந்து பார்த்தால் அலை தெறிக்கும் இடம் கடலில் விழாது, மணலிலும் வீட்டுக்கூரையிலும் விழும். கரையை ஒட்டிய வீடுதான் வேண்டும். 10 மீட்டர் உயரத்தில் 4 டிகிரியில் வரும் கதிர் சுமார் 140 மீட்டர் தள்ளித் தெறிக்கும்.

பெண்கடல் என்று நம் ஆட்கள் சொல்லும் பாக் விரிகுடா இதற்கு வசதி. 5 டிகிரி உயரம் வரை ஒரு மீட்டருக்குக் குறைந்த அலை பெரிதாகக் கெடுக்காது. வாடைக்காற்று நாட்களைத் தவிர்த்துவிட்டு, தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் செய்யுங்கள். ஆண்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போதும் உங்கள் பக்கம் தணிந்தே இருக்கும். 406.1 முதல் 410 மெகாஹெர்ட்ஸ் வரை ரேடியோ வானியலுக்கு ஒதுக்கிய பட்டை. 406-ஐ ஒட்டிக் கீழே படகுகளின் அபாய அறிவிப்பு பீக்கன்கள் இருப்பதால் கொஞ்சம் மேலே தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிவி ஆண்டெனா பாணியில் ஒரு யாகி, நல்ல இரைச்சல் குறைந்த பெருக்கி, வடிகட்டி, டாங்கிள். சில ஆயிரம் ரூபாயில் முடியும். யாகியின் குச்சிகள் படுக்கைவாட்டில் இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் தாழ்ந்த கோணத்தில் கடலின் தெறிப்பு மெலிந்துவிடும். விடியலுக்கு அரை மணி முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். சூரியன் ஏறியும் கோடு தட்டையாகவே போனால், டாங்கிளின் தானியங்கி கெயினை அணைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் தேடும் ஏற்ற இறக்கத்தை அதுவே சமன்செய்து விழுங்கிவிடும்.